பெட்டிக்குள் பெய்யும் மழை

யாங்கோனில் எங்கள் கடைக்கு வந்த மரப்பெட்டியைத் திறக்கும்போது உள்ளே ஷாஃப்ட் (மெஷினில் சுழலும் தண்டு) பழுப்பேறிக் கிடந்தால், சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "கடல் தண்ணி பட்டிருக்கும்." உடனே கப்பல்காரர் மீது பழி விழும், கிளியரிங் ஏஜென்டுக்கு போன் போகும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பலகையில் ஓர் உப்புக் கறைகூட இருக்காது. உள்ளே சுற்றிய பிளாஸ்டிக்கும் கிழியாமல் இருக்கும். இரும்பு மட்டும் துருவாகியிருக்கும்.

அரிசி மில் உதிரிபாகங்களை இறக்கி அடுக்கி விற்பதே பல வருடமாக என் பிழைப்பு. இத்தனை வருடத்தில் கடல் தண்ணீர் புகுந்து கெட்ட பெட்டிகளை நான் பார்த்தது மிகக் குறைவு. மற்றவற்றில் எல்லாம் இரும்பைத் தின்ற தண்ணீர், பெட்டியை மூடிய அன்றே கூடவே வைத்து மூடப்பட்டது. இது தெரியாததால் இங்கே பர்மாவில் பெகுவிலும் தாட்டோனிலும் மோல்மீனிலும் மில்லும் பட்டறையும் நடத்தும் நம் ஆட்கள் சாமானை மேலும் மேலும் பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றச் சொல்கிறார்கள். அதனால் துரு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

நான் பேசுவது வெற்று எஃகைப் பற்றி. பெயின்டோ முலாமோ இல்லாமல் லேத்தில் கடைந்து பளபளவென்று வரும் இரும்பு அது: ஷாஃப்ட், கியர் பல், உருளை, பேரிங் உட்காரும் இடம். இவற்றுக்குப் பெயின்ட் அடிக்க முடியாது. மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு கூடினாலே பேரிங் ஏறாது.

## தோசைக்கல், உப்பு ஜாடி, ஐஸ் தண்ணீர்

இந்த விஷயம் முழுவதும் நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது.

இரும்புத் தோசைக்கல்லைக் கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் ஆரஞ்சு நிறம் பூத்துவிடும். துடைத்து, அடுப்பில் காட்டி, எண்ணெய் தடவி வைத்தால் ஒன்றும் ஆகாது. துருவுக்கு இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மூன்றும் வேண்டும். அடுப்பின் சூடு தண்ணீரை விரட்டிவிடுகிறது, எண்ணெய் மற்றதை நெருங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறது. நம் அம்மாக்கள் காலங்காலமாகச் செய்துவரும் துருத்தடுப்பு இதுதான்.

அடுத்தது உப்பு ஜாடி. மழைக்காலத்தில் மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் உப்பு நசநசத்துவிடும். அதில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, காற்றிலிருந்த ஈரத்தை உப்பே இழுத்துக்கொண்டது. இரும்பின் மேல் படிந்த உப்பும் அதையேதான் செய்யும்.

மூன்றாவது, ஐஸ் போட்ட கண்ணாடி டம்ளர். வெளிப்பக்கம் வேர்க்கிறது. அந்த நீர் டம்ளருக்குள்ளிருந்து கசிந்து வரவில்லை, குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட காற்று தன்னிடமிருந்த ஈரத்தை அங்கே விட்டுவிட்டுப் போனது. பெட்டிக்குள் இருக்கும் ஷாஃப்டும் இப்படித்தான் வேர்க்கிறது.

## துரு என்பது ஒரு சின்ன பேட்டரி

சரி, இரும்பின் மேல் தண்ணீர் இருந்தால் என்ன நடக்கிறது? டார்ச் லைட்டில் போடும் பேட்டரியில் நடப்பதுதான். எஃகின் பரப்பு நமக்கு ஒரே மாதிரியாகத் தெரிந்தாலும் நுணுக்கமாகப் பார்த்தால் அப்படியில்லை. ஓரிடத்தில் இரும்பு கரைந்து, தன்னிடமுள்ள எலக்ட்ரான்களை விட்டுவிடுகிறது. அவை உலோகத்தின் வழியாகவே ஓடி, வேறோர் இடத்தில் ஆக்ஸிஜனோடும் தண்ணீரோடும் சேர்கின்றன. இந்தச் சுற்று முழுமையாக வேண்டுமானால் இரண்டு இடங்களையும் இணைக்க மேலே ஒரு நீர்ப்படலம் இருந்தாக வேண்டும். மின்னூட்டத்தைக் கடத்தும் அந்த நீருக்கு மின்பகுளி என்று பெயர். சுத்தமான தண்ணீர் சோம்பேறி மின்பகுளி. உப்பு கலந்துவிட்டால் வேகம் பிடிக்கும்.

கரைந்த இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து பழுப்புத் துருவாகிறது. தின்னப்பட்ட இரும்பைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அது அடைத்துக்கொள்ளும். உப்பி, பொருபொருவென்று உதிரும். அலுமினியத்தின் மேலும் ஆக்ஸைடு உண்டாகிறது, ஆனால் அது இறுகிய தோலாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கிறது. துருவோ பஞ்சைப் போல ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை ஆரம்பித்தால் தானாக நிற்காததற்கு இதுதான் காரணம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: அந்த நீர்ப்படலம் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. கையால் தடவினால் காய்ந்ததுபோல் இருக்கும் எஃகின் மேலும் படலம் இருக்கலாம். அது இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் காற்றால் தாங்க முடிந்த நீராவியில் இப்போது எத்தனை சதவீதம் அதில் இருக்கிறது என்பதே அதன் பொருள். வெர்னன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1920களிலும் 30களிலும் இதை ஆராய்ந்தார். ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டும்போது துருவின் வேகம் படிப்படியாகக் கூடவில்லை, சட்டென்று எகிறுகிறது என்று கண்டார். அந்தக் கோட்டுக்குக் கீழே, சுத்தமான இரும்பு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

யாங்கோனில் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை. வருடத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர். அந்த மாதங்களில் இங்கே காற்று எப்போதும் கோட்டுக்கு மேலேதான். கடல் உப்பு படிந்திருந்தால் கோடே இறங்கிவிடும். சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில்தான் காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைகிறது. ஆனால் கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கரைந்துவிடும். கடல் காற்று ஒருமுறை தடவிய எஃகு எங்கள் ஊரில் எந்த மாதத்திலும் முழுதாகக் காயாது. கழுவினால் மட்டுமே விடிவு.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: நீர்ப்படலம் இல்லாமல் துரு இல்லை. படலம் உண்டாக மழையோ கடலோ தேவையில்லை, ஈரக் காற்றே போதும். உப்பும் அழுக்கும் அந்த வேலையைச் சுலபமாக்குகின்றன.

## ஷாஃப்ட் எப்படி வேர்க்கிறது

காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதனால் ஈரத்தைத் தாங்க முடியாமல் நீராக விடும். அந்த வெப்பநிலைதான் பனிநிலை. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்பது எங்களுக்குச் சாதாரண நாள். அந்தக் காற்றின் பனிநிலை 26 டிகிரி. நான்கே டிகிரி குறைவாக இருக்கும் எந்த இரும்பும் அந்தக் காற்றில் வேர்க்கும்.

வடக்குச் சீனத் துறைமுகம் ஒன்றில் ஜனவரியில் ஏற்றிய உருளையை நினைத்துப் பாருங்கள். ஏற்றும்போது அதன் வெப்பநிலை பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்கும். சில நாளில் கப்பல் சிங்கப்பூர்ப் பக்கத்து வெக்கைக்குள் வந்துவிடும். காற்று சீக்கிரம் சூடாகிவிடும், நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள இரும்பு அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. அந்த இடைவெளி முழுவதும் அது ஐஸ் டம்ளர்தான்.

வழி முழுக்க வெயிலாகவே இருந்தாலும் நடக்கும் இன்னொன்று உண்டு. கப்பல்காரர்கள் அதைக் கண்டெய்னர் மழை என்றே சொல்வார்கள். பகலில் கண்டெய்னரின் கூரை 50 டிகிரியைத் தாண்டும். உள்ளே இருக்கும் மரம், அட்டை, சாக்கு எல்லாம் சூடேறித் தம் ஈரத்தைக் காற்றில் விடும். இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் அதன் அடிப்பக்கத்தில் துளிர்த்து, சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். மறுநாள் மரம் மறுபடி சூடாகும். துறைமுகத்தில் பெட்டி எத்தனை நாள் கிடக்கிறதோ அத்தனை முறை மழை.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருபது அடிக் கண்டெய்னரில் சுமார் 33 கன மீட்டர் காற்று இருக்கும். 30 டிகிரி, 80 சதவீதத்தில் அந்தக் காற்றில் உள்ள நீர் மொத்தமே 800 கிராம், ஒரு லிட்டர்கூட இல்லை. அதே கண்டெய்னரில் 300 கிலோ மரப்பெட்டியும் பலகையும் இருந்து, அதன் ஈரப்பதம் காய்ந்த எடையில் 20 சதவீதம் என்றால் அதில் இருக்கும் நீர் 50 கிலோ. முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது நான் பேனாவை வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். இவ்வளவு நாளும் கடலைக் குறை சொன்னோமே, தண்ணீர்த் தொட்டியையே பெட்டி என்று ஆணியடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

எங்களுக்கு ஒருமுறை பன்னிரண்டு ஷாஃப்ட் வந்தது. அப்போதுதான் அறுத்த பச்சை மரத்தில் செய்த பெட்டி, இடைவெளியை அடைக்க வைக்கோலும் உமியும். ஒவ்வொரு ஷாஃப்டும் பாலித்தீனில் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தால் துரு எல்லா இடத்திலும் இல்லை. பிளாஸ்டிக்கின் மடிப்புகள் எங்கெல்லாம் இரும்பைத் தொட்டனவோ அங்கெல்லாம் கோடு கோடாக, மடிப்பை அச்செடுத்ததுபோல இருந்தது. மரக்கட்டை தாங்கிய இரண்டு இடங்களில் பட்டையாக, குழி விழுந்திருந்தது. அந்த இரண்டு இடமும் பேரிங் ஏறும் இடம். பன்னிரண்டில் ஒன்பது வீண். அனுப்பியவர் நல்ல மனிதர், அக்கறையாகத்தான் சுற்றியிருந்தார். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

மரத்தைப் பற்றி இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. ஏற்றுமதிப் பெட்டியில் எச்டி என்று முத்திரை இருந்தால் மரம் காய்ந்தது என்று நினைக்கிறார்கள். பூச்சியைக் கொல்வதற்காக மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். ஈரம் போயிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சூளையில் உலர்த்திய மரம் வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும், முடிந்தால் ஈரமானி வைத்து அளந்து பார்க்க வேண்டும்.

எந்த மரம் என்பதும் முக்கியம். ஓக் போன்ற மரங்கள் அசிட்டிக் அமிலத்தின் ஆவியைக் கசியவிடும், நம் வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். மூடிய பெட்டிக்குள் அது இரும்பை அரிக்கும். நம் பர்மா தேக்கு அவ்வளவு மோசமில்லை. 1860இல் நீரில் இறக்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் வாரியரில் நாலரை அங்குல இரும்புக் கவசத்துக்குப் பின்னால் பதினெட்டு அங்குலத்துக்குத் தேக்கு வைத்திருந்தார்கள். ஓக்கைப் போல இரும்பை அரிக்காது என்பது கப்பல் கட்டுகிறவர்கள் தேக்கை விரும்பியதற்கு ஒரு காரணம். இதற்காகத் தேக்கில் பெட்டி செய்யச் சொல்லவில்லை, கட்டுப்படியாகாது.

## பிளாஸ்டிக் என்ற மழைக்கோட்டு

மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்கினால் மழையில் நனைய மாட்டோம், வேர்வையில் நனைவோம். பாலித்தீன் சுற்றிய இரும்பின் நிலைமையும் அதுதான். சுற்றும்போது உள்ளே மாட்டிய ஈரக் காற்று வெளியே போக வழியில்லை. சாதாரண பாலித்தீன் நீராவியை முழுதாகத் தடுப்பதுமில்லை, மெதுவாக உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். இரும்பைத் தொடும் இடத்தில் மெல்லிய இடுக்கு உண்டாகி அங்கே நீர் தங்கிவிடும். சாக்கு, துணி, வைக்கோல், உமி எல்லாம் இன்னும் மோசம், ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டி வைத்திருக்கும்.

பிளாஸ்டிக் கெட்டதல்ல. உள்ளே இருப்பதைக் காயவைத்த பிறகு மூடும் மூடி அது, காயவைக்கும் வேலையை அதனால் செய்ய முடியாது.

## முதலில் சுத்தம்

என்ன எண்ணெய் தடவலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தடவுவதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். லேத்தில் கடையும்போது ஊற்றும் வெள்ளைக் கலவையில் தண்ணீர் இருக்கிறது, நம் கைவேர்வையில் உப்பு இருக்கிறது. அதன் மேல் எண்ணெய் தடவினால் உப்பையும் தண்ணீரையும் எண்ணெய்க்கு அடியில் புதைக்கிறோம். சில வாரத்தில் யாருடைய விரல் ரேகை என்று கண்டுபிடிக்கும் அளவுக்குத் துரு பூத்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

மண்ணெண்ணெய் பிசுக்கை எடுக்கும், ஆனால் உப்பு அதில் கரையாது. உப்புக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். கழுவியதும் அங்கேயே துடைத்து, சூடான காற்று காட்டிக் காயவிட வேண்டும். அதன்பின் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. உடனே அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும், சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று வைத்தால் மழைக்காலத்தில் மறுபடி ஈரம் ஏறிவிடும்.

## எதைத் தடவுவது

பழைய இன்ஜின் ஆயிலைத் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஓடிய ஆயிலில் எரிந்த கழிவின் அமிலமும் தண்ணீரும் சேர்ந்திருக்கும்.

டபிள்யூடி-40 நல்ல பொருள்தான். 1953இல் அமெரிக்காவில் தண்ணீரை விரட்டுவதற்காகச் செய்த கலவை அது, பெயரிலேயே அந்த வேலை இருக்கிறது: தண்ணீர் விரட்டி, நாற்பதாவது முயற்சி. ஈரத்தை நீக்க அடிக்கலாம். அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது, கடல் கடந்து ஒரு மழைக்காலம் குடோனில் கிடக்க வேண்டிய சாமானுக்கு அதை மட்டும் நம்பக்கூடாது.

இதற்கென்றே விற்கும் துருத்தடுப்பு எண்ணெய்கள் உண்டு. இரும்போடு ஒட்டிக்கொண்டு நீரை நெருங்கவிடாத ரசாயனம் கலந்தவை. மெல்லிய எண்ணெய் வகை, கூரைக்கு அடியில் சில மாதங்களுக்குப் போதும். காய்ந்ததும் மெழுகுத் தோலாக நிற்கும் வகை நீண்ட நாளுக்கு. இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கிகளைப் பூசி வைத்த காஸ்மோலின் இந்த மெழுகு வகைதான், பல பத்தாண்டு கழித்துத் துடைத்தபோதும் உள்ளே இரும்பு பளிச்சென்று இருந்தது. என்ன, துடைப்பதுதான் பெரும்பாடு. வாங்கும்போது எத்தனை மாதம், உள்ளேயா வெளியிலா என்று டப்பாவில் போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

## பாச்சை உருண்டை போன்ற காகிதம்

துணி பீரோவில் பாச்சை உருண்டை போடுகிறோம். அது துணியைத் தொட வேண்டியதில்லை, ஆவியாகி பீரோ முழுக்க நிரம்பிக்கொள்கிறது. விசிஐ என்று சொல்லும் காகிதமும் பிளாஸ்டிக் உறையும் அப்படித்தான் வேலை செய்கின்றன. ஆவியாகும் துருத்தடுப்பான் என்பது அதன் பொருள். அதில் ஏற்றியிருக்கும் ரசாயனம் மெல்ல ஆவியாகி எஃகின் மேல் மிக நுண்ணிய படலமாகப் படிந்து, முன்பு சொன்ன பேட்டரியை ஓடவிடாமல் செய்கிறது. எண்ணெய் எட்டாத துளைக்குள்ளும் இடுக்கிலும் இந்த ஆவி போய்ச் சேரும்.

பீரோ திறந்திருந்தால் உருண்டை வீண். விசிஐ உறையைச் சுற்றிவிட்டு முனையைத் திறந்து விட்டாலும் அதே கதி. காகிதத்தின் ரசாயனம் தடவிய பக்கம் இரும்பைப் பார்த்திருக்க வேண்டும். காகிதத்துக்கும் இரும்புக்கும் இடையே ஓர் அடிக்கு மேல் தூரம் கூடாது. கூடவே பித்தளை, செம்பு பாகம் இருந்தால் அதற்கும் ஒத்துவரும் வகையா என்று கேட்டு வாங்க வேண்டும்.

## ஈரத்தைக் குடிக்கும் பை

உப்பு ஜாடியில் நாலு அரிசி போடுவோமே, அந்த யோசனைதான் உலர்த்தி. சிலிக்கா ஜெல், களிமண், கால்சியம் குளோரைடு என்று பல வகை இருக்கிறது. ஆனால் சாதாரண மரப்பெட்டியில் நாலு பை சிலிக்கா ஜெல்லைப் போடுவது, கதவைத் திறந்து வைத்துவிட்டு ஏசி போடுவதற்குச் சமம். ஊரிலுள்ள ஈரத்தையெல்லாம் குடித்து இரண்டு நாளில் வயிறு நிரம்பிவிடும். உலர்த்தி போட்டால், நீராவி புகாத அலுமினியப் படல உறையில் வைத்து, காற்றை உறிஞ்சி, ஓரத்தை ஒட்டி மூட வேண்டும். விலை உயர்ந்த இயந்திரத்துக்கு இது நல்ல வழி.

கண்டெய்னரில் தொங்கவிடும் பைகளில் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு இருக்கும். தன் எடைக்கு மேலேயே நீர் குடித்து உப்புக் கரைசலாக மாறிவிடும். பை கிழிந்து அது கீழே இருக்கும் எஃகின் மேல் சொட்டினால் கடல் தண்ணீரைவிடக் கொடுமை. வெற்று எஃகுக்கு நேர் மேலே அதை மாட்டவே கூடாது.

விசிஐயையும் உலர்த்தியையும் ஒரே உறைக்குள் போடுவதை நான் தவிர்ப்பேன். உலர்த்தி அந்த ஆவியையும் சேர்த்து உறிஞ்சிவிடக்கூடும்.

சுருக்கமாக வரிசை இது: கழுவு, காயவை, தடுப்பைப் பூசு, காய்ந்த பொருளால் மட்டும் தாங்கு, மூடு. நடுவில் ஒன்றை விட்டால் அடுத்து வருவதெல்லாம் செலவுதான்.

## குடோனுக்கு வந்த பிறகு

குளிர்ந்த பெட்டி வந்தால் அன்றே பிரிக்காதீர்கள். ஒருநாள் அப்படியே வைத்து, உள்ளே இருக்கும் இரும்பு நம் ஊர்ச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள். ஆவலில் உடனே திறந்தால் பத்து நிமிடத்தில் கண்ணெதிரே வேர்க்கும்.

சிமென்ட் தரை காய்ந்ததுபோல் தெரிந்தாலும் கீழிருந்து ஈரம் விடும். கட்டை வைத்துத் தூக்கி, கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே விசிஐ காகிதமோ தடிமனான பிளாஸ்டிக்கோ வையுங்கள். தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் இடுக்கில் நீர் ஏறி உட்கார்ந்துகொள்ளும், இடைவெளி விட்டுச் சற்றுச் சாய்த்து வையுங்கள்.

காற்றோட்டம் வேண்டும் என்று காலையிலேயே ஷட்டரை முழுக்கத் திறப்பதும் எப்போதும் நல்லதல்ல. இரவில் குளிர்ந்த இரும்பு உள்ளே இருக்க, பத்து மணிக் காற்று வெக்கையும் ஈரமுமாக நுழைந்தால் மொத்தக் குடோனும் ஐஸ் டம்ளராகிவிடும்.

செலவு குறைந்த ஒரு வழி சூடு. 30 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 36 டிகிரிக்கு ஏற்றினால், ஒரு சொட்டு நீரை எடுக்காமலேயே ஈரப்பதம் 61 ஆக இறங்கும். வெர்னன் கண்ட கோட்டுக்கு அருகில் வந்துவிட்டோம். மூடிய அலமாரியில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு பேரிங்கும் கேஜும் வைத்திருக்கும் பழைய மெக்கானிக்குகள் இந்தக் கணக்கைப் போடாமலேயே இதைத்தான் செய்துவந்தார்கள். துணியோ காகிதமோ பல்பைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை ஒரு பெட்டியையாவது பிரித்துப் பாருங்கள். மேலே லேசாகப் பூத்த துரு என்றால் எண்ணெயில் நனைத்த நைலான் பஞ்சால் தேய்த்தாலே போய்விடும். பேரிங் ஏறும் இடத்தில் எமரி பேப்பர் போடாதீர்கள், துருவோடு சேர்ந்து அளவும் போய்விடும். குழி விழுந்திருந்தால் மைக்ரோமீட்டர் வைத்து அளந்த பிறகு முடிவெடுங்கள்.

அப்புறம், "கடல் தண்ணி" என்று யாராவது சொன்னால் வாயால் சண்டை போட வேண்டியதில்லை. சரக்குச் சேதத்தைப் பார்க்க வரும் சர்வேயர்கள் சில்வர் நைட்ரேட் கரைசல் வைத்திருப்பார்கள். துருவின் மேல் ஒரு சொட்டு விட்டால், குளோரைடு உப்பு இருந்தால் பால்போல வெள்ளையாகும். அப்போது கடல் நீராக இருக்கலாம், கைவேர்வையோ உலர்த்திப் பையின் கசிவோகூட இருக்கலாம், எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். சொட்டு தெளிவாகவே நின்றால் கடல் இல்லை. அப்போது பெட்டியின் பலகையில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். இதெல்லாம் முடியும்வரை துருப்பிடித்த இடத்தில் யாரும் கை வைக்கக்கூடாது, சர்வேயர் வருவதற்குள் துடைக்கவும் கூடாது.